ஒரு தூண் போனால் மற்றவை தாங்குமா?

சென்னையின் கடலோரப் புறநகர் ஒன்றிலிருந்து, 16 வீடுகள் கொண்ட அடுக்ககத்தின் சங்கச் செயலாளர் எழுதியிருக்கிறார். 1999-இல் கட்டிய கட்டடம். கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நான்கு மாடி. சம்ப்பை ஒட்டிய இரண்டு தூண்களில் முழங்கால் உயரம் வரை கான்கிரீட் உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. பெயின்டிங் கான்ட்ராக்டர் ஒருவர் உதிர்ந்ததை உடைத்தெடுத்து, வாட்டர்ப்ரூஃப் கலவையில் பூசி, பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார். முதல் மாடியில் புதிதாக வீடு வாங்கியவர் ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையிலிருந்த சுவரை இடித்துவிட்டார். சிம்னி குழாய்க்காகப் பீமில் ஆறு அங்குல ஓட்டையும் போட்டிருக்கிறார். மொட்டை மாடியில் இன்னொரு 5,000 லிட்டர் தொட்டி வைக்கத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். "இருபது தூண் இருக்கிறது. ஒன்றிரண்டு பலவீனமானாலும் மற்றவை தாங்கும். அதிகபட்சம் அந்த மூலை கொஞ்சம் இறங்கும். நிலநடுக்கம் வந்தால்தான் பயம்" என்று ஒரு மூத்த உறுப்பினர் சொல்கிறாராம். தொடர்ந்து குடியிருக்கலாமா, சுவர் இடித்தவரைத் தடுக்க முடியுமா, நான்காவது மாடிக்காரர்கள் பணம் தர மறுத்தால் என்ன செய்வது என்பவை செயலாளரின் கேள்விகள்.

செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் தனித்தனியாக இருக்கின்றன: துருப்பிடித்த தூண், ஓட்டை போட்ட பீம், புதிதாக ஏறப்போகும் தொட்டி. கட்டடத்துக்கு இவை தனித்தனி அல்ல. மூன்றும் ஒரே பாதையில்தான் சுமையை இறக்குகின்றன. விளக்கத்துக்குப் போகுமுன் இன்றே செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்றே செய்ய வேண்டியவை

பெயின்டிங் கான்ட்ராக்டரை அந்தத் தூண்களைத் தொடவிடாதீர்கள். முதல் மாடி வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். இடித்த செங்கல் அங்கே குவிந்திருந்தால் இன்று மாலைக்குள் இறக்கிவிடுங்கள். வீட்டுத் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்குத்தான் வடிவமைப்பார்கள். அரை மீட்டர் உயரத்துக்குக் குவித்த செங்கல் இடிபாடு 600 கிலோவைத் தாண்டிவிடும். மேல்நிலைத் தொட்டியைப் பாதி மட்டும் நிரப்புங்கள். ஆயிரம் லிட்டர் குறைந்தால் ஒரு டன் குறைகிறது, இதற்கு யாருக்கும் செலவில்லை. புதுத் தொட்டித் தீர்மானத்தை ஒத்திவையுங்கள். அந்த இரு தூண்களைச் சுற்றியுள்ள கார்களை அகற்றி, கயிறு கட்டிவிடுங்கள். இவ்வளவையும் முடித்துவிட்டு, இரண்டு மூன்று நாளுக்குள் வந்து பார்க்கும்படி ஒரு பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழையுங்கள்.

'மற்றவை தாங்கும்' என்பது ஏன் தவறு

உங்கள் மூத்த உறுப்பினர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தூணும் பீமும் சட்டகமாகச் சேர்ந்து சுமை தாங்கும் கான்கிரீட் பிரேம் கட்டடத்தில் சுமை பக்கத்துத் தூண்களுக்கு மாற வாய்ப்பு உண்டுதான். ஆனால் அப்படி மாறுவதற்கு வழி இருக்க வேண்டும். அந்த வழி பீம்களுக்குள் இருக்கும் கம்பிதான்.

நான்கு மீட்டர் இடைவெளியில் நிற்கும் மூன்று தூண்களில் நடுத் தூண் போய்விட்டது என்று வையுங்கள். இரண்டு நான்கு மீட்டர் பீம்கள் இப்போது ஒரே எட்டு மீட்டர் பீமாக வேலை செய்ய வேண்டும். நீளம் இரட்டித்தால் பீமை வளைக்கும் திருப்புத்திறன் நான்கு மடங்காகிறது. அதைவிட மோசமானது, அது வளையும் திசையே மாறிவிடுவது. தூணுக்கு மேலே பீமின் மேல்பக்கம்தான் இழுவிசைக்கு உள்ளாகும், அதனால் முக்கியக் கம்பி அங்கே மேலே இருக்கும். தூண் போனதும் அதே இடத்தில் அடிப்பக்கம் இழுபடுகிறது. அங்கே அடிக்கம்பி தொடர்ச்சியாகப் போயிருக்கிறதா?

பெரும்பாலான பழைய அடுக்ககங்களில் இல்லை. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456-இன்படி தொடர் பீமில் அடிக்கம்பியில் நான்கில் ஒரு பங்கு மட்டும் தூணுக்குள் போனால் போதும். அதுவும் முழுப் பிடிப்பு நீளத்தில், அதாவது கம்பி உருவிவராமல் இருக்கக் கான்கிரீட்டுக்குள் புதைய வேண்டிய நீளத்தில், மூன்றில் ஒரு பங்கு போதும். எம் 20 கான்கிரீட்டில் (எம் எண் கான்கிரீட்டின் வலிமைத் தரம்) 16 மி.மீ. கம்பிக்கு முழுப் பிடிப்பு நீளம் சுமார் 750 மி.மீ.; தூணுக்குள் இருப்பதோ 250 மி.மீ. தூண் நிற்கும்வரை அது போதும். தூண் போன நிமிடத்தில் அந்தக் கம்பி கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 13920 விதியைப் பின்பற்றிய கட்டடங்களில் தூண் முகப்பில் மேல்கம்பியில் பாதி அளவாவது அடிக்கம்பி இருக்க வேண்டும், முக்கியக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் கொக்கி 135 டிகிரி உள்ளே மடங்க வேண்டும். அந்தக் கட்டடங்களுக்கு ஒரு தூணை இழந்தும் நிற்கக் கொஞ்சம் வாய்ப்பு அதிகம். 1999-இல் கட்டிய உங்கள் கட்டடத்தில் அதெல்லாம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு முடிவெடுக்காதீர்கள்.

இன்னொன்று, தூண் மெதுவாகப் போவதில்லை. திடீரென்று போகும்போது அது சுமந்திருந்த எடை கிட்டத்தட்ட இரட்டிப்பு விளைவோடு பக்கத்துத் தூண்களில் இறங்கும். அவையும் உங்கள் சம்ப்பின் ஈரத்தில் நின்றவையாக இருந்தால் அடுத்ததும் போகும், அதற்கடுத்ததும் போகும். மேலிருந்து ஒரு தளம் விழுந்தாலும் இதே கதைதான். நான்குக்கு மூன்றரை மீட்டர் அறையின் 125 மி.மீ. தளம் மட்டுமே நான்கு டன்னுக்கு மேல். அது மூன்று மீட்டர் உயரத்திலிருந்து கீழ்த்தளத்தில் விழுந்தால் கீழ்த்தளம் அதைத் தாங்காது. இரண்டும் சேர்ந்து அடுத்ததில் விழும். குருகிராம் செக்டர் 109-இல் 2022 பிப்ரவரி 10 அன்று நடந்தது இதுதான். ஆறாவது மாடி வீட்டில் புதுப்பிக்கும் வேலை நடந்தபோது தளம் விழுந்து, அதற்கு நேர் கீழே முதல் மாடி வரை ஒவ்வொரு தளத்தையும் உடைத்துக்கொண்டு இறங்கியது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். தொடங்கிய இடத்திலேயே நிற்காமல் இப்படிப் பரவுவதைத்தான் நாங்கள் தொடர் சரிவு என்கிறோம்.

நிலநடுக்கத்தைப் பற்றி: 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தின் ஸ்டில்ட் கட்டடங்கள் பல கீழ்த்தளத்தில் மடிந்தன என்பது உண்மை. சுவரில்லாத கீழ்த்தளம்தான் அவற்றின் பலவீனம், உங்கள் கட்டடத்துக்கும் அந்தப் பலவீனம் இருக்கிறது. ஆனால் 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தபோது நிலம் நடுங்கவில்லை. 1995-இல் சியோலின் சாம்பூங் அங்காடி விழுந்து 502 பேர் இறந்தபோதும் நடுங்கவில்லை. சாம்பூங்கில் 80 செ.மீ. இருக்க வேண்டிய தூண்களை 60 செ.மீ.யாகக் குறைத்திருந்தார்கள், ஐந்தாம் மாடியில் உணவகங்களின் எடையை ஏற்றியிருந்தார்கள், மொட்டை மாடியில் ஏ.சி. இயந்திரங்களை இழுத்து இடம் மாற்றியிருந்தார்கள். அன்று காலையே விரிசல் விரிந்தது தெரிந்தது. ஏ.சி.யை நிறுத்தினார்கள், கடையை மூடவில்லை.

உங்கள் தூணில் என்ன நடக்கிறது

உங்கள் கட்டடத்தின் நடுத் தூண் ஒன்று ஒவ்வொரு மாடியிலும் சுமார் 14 சதுர மீட்டர் பரப்பைச் சுமக்கிறது என்று கொள்வோம். சுவர், தரை, ஆட்கள் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 1.2 டன் என்றால் மாடிக்கு 17 டன். நான்கு மாடிக்கு 68. மொட்டை மாடியில் ஒரு 10 சேர்த்தால் 78 டன். இவ்வளவும் கீழே ஒரு ஒன்பது அங்குலத் தூண் வழியாக இறங்குகிறது.

230-க்கு 450 மி.மீ. தூணில் கம்பிக்கு வெளியே 40 மி.மீ. கவர் இருக்கும். அது நான்கு பக்கமும் போய்விட்டால் மிஞ்சுவது 150-க்கு 370. பரப்பில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. உதிர்ந்தது வெறும் மேற்பூச்சு என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மேலும், 2000-இல் ஐ.எஸ். 456 திருத்தப்பட்ட பிறகுதான் எம் 20 குறைந்தபட்சத் தரம் ஆனது. அதற்கு முன் எம் 15 கான்கிரீட்டிலேயே கட்டலாம். உங்கள் தூணில் தொடக்கத்திலேயே கையிருப்பு அதிகம் இருந்திருக்காது.

அடுத்ததாக ரிங்குகளைப் பாருங்கள். முக்கியக் கம்பியைவிட ரிங் மெல்லியது, கான்கிரீட்டின் வெளிப்பக்கத்துக்கு இன்னும் அருகில் இருப்பது, அதனால் முதலில் துருவில் கரைவது அதுதான். எட்டு அங்குலத்துக்கு ஒரு ரிங் இருந்த இடத்தில் அடுத்தடுத்து இரண்டு அறுந்தால் முக்கியக் கம்பி இரண்டடி நீளத்துக்குப் பிடிமானமில்லாமல் நிற்கும். அது சுமையில் வில்லாக வெளியே வளைய ஆரம்பித்தால் தூண் முடிந்தது. நேரான ஒரு ஸ்கேலைக் கம்பியோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். நடுவில் கம்பி வெளியே புடைத்திருந்தால் மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிட்டு இன்ஜினியரை அழைத்து, அந்தத் தூணுக்கு மேலுள்ள வீடுகளைக் காலி செய்யச் சொல்லுங்கள்.

காரணத்தையும் தேட வேண்டும். கடற்காற்றின் உப்பு, சம்ப் கசிவு, போர் தண்ணீரில் தினமும் கார் கழுவுவது, தூணை ஒட்டி இறங்கும் மழைநீர்க் குழாய் ஆகிய நான்கையும் பாருங்கள். தண்ணீர் நிற்காமல் தூணைச் சரிசெய்தால் மூன்று நான்கு மழைக்காலத்தில் மறுபடி இதே இடத்துக்கு வருவீர்கள்.

பூச்சு ஏன் கூடாது, என்ன செய்ய வேண்டும்

துரு, இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தம்தான் கவரை வெளியே தள்ளியது. துருவுக்கு மேலேயே பூசினால் உள்ளே அது தொடரும், வெளியே விரிசல் தெரியாது. உப்பேறிய பழைய கான்கிரீட்டின் நடுவே புதுக் கலவை வைத்தால் ஒட்டின் விளிம்பை அடுத்துள்ள கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கவும் செய்யும். ஆனால் உடனடி ஆபத்து பூச்சில் இல்லை, அதற்கு முன் 'உதிர்ந்ததை உடைத்தெடுக்கிறேன்' என்று பிரேக்கர் இயந்திரத்தை எடுப்பதில் இருக்கிறது. 78 டன் சுமந்துகொண்டிருக்கும் தூணில், மிஞ்சிய கான்கிரீட்டையும் முட்டுக் கொடுக்காமல் செதுக்குவார்கள்.

முட்டு என்றதும், தளம் வார்க்கும்போது பலகைக்கு அடியில் நிறுத்தும் சென்ட்ரிங் ஜாக்கி நான்கைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதை நம்பாதீர்கள். சாதாரண ஜாக்கி முழுதாக நீட்டிய நிலையில் ஒன்றரை, இரண்டு டன்தான் தாங்கும். நான்கு சேர்ந்தாலும் உங்கள் தூண் சுமையில் பத்தில் ஒரு பங்கு. சவுக்குக் கட்டை அதைவிடக் குறைவு. இங்கே கணக்குப் போட்டு வைத்த கனமான இரும்புக் கம்பங்கள் வேண்டும். அவை தூணின் எல்லாப் பக்கத்துப் பீம்களின் கீழும், தூணுக்கு மிக அருகில், ஹைட்ராலிக் ஜாக் வைத்துச் சிறிது சிறிதாக இறுக்கிச் சுமையை ஏற்றுக்கொள்ள வேண்டும். சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும் முட்டு எதையும் சுமப்பதில்லை. கம்பத்தின் அடி பேவர் பிளாக் மேல் நிற்கக்கூடாது. உங்கள் இடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: அந்தத் தூண்கள் சம்ப்பை ஒட்டியவை. சம்ப்பின் மூடித் தளத்தில் முட்டு வைத்தால் மூடி உடையும். சம்ப்பைத் தாண்டி இருபுறமும் தாங்கும்படி இரும்பு பீம் போட்டு அதன்மேல் முட்டு எழுப்ப வேண்டியிருக்கும்.

சோதனைகளில் ரீபவுண்ட் சுத்தியல் ஒன்றை மட்டும் அடித்துவிட்டு அறிக்கை தருபவரை ஏற்காதீர்கள். அது மேல்தோலின் கடினத்தைத்தான் காட்டும். வலிமைக் கணிப்பில் 25 சதவீதம்வரை முன்பின் ஆகும். அதோடு அல்ட்ராசோனிக் சோதனை, கம்பி இருக்கும் இடத்தையும் கவர் அளவையும் காட்டும் கவர்மீட்டர், துருப்பிடிக்கும் வாய்ப்பு எங்கெங்கே அதிகம் என்பதற்கான ஹாஃப் செல் சோதனை, உப்புக்கான குளோரைடு சோதனை ஆகியவை வேண்டும். பினால்ஃப்தலின் தெளித்துப் பார்க்கும் சோதனை மலிவானது, நீங்களே கண்ணால் காணலாம்: புதிதாக உடைத்த கான்கிரீட்டில் தெளித்ததும் இளஞ்சிவப்பானால் கான்கிரீட்டின் காரத்தன்மை தரும் காப்பு கம்பிக்கு இன்னும் இருக்கிறது, நிறம் மாறாவிட்டால் போய்விட்டது; ஆனால் உப்பு ஏறியிருந்தால் இளஞ்சிவப்பான இடத்திலும் கம்பி துருப்பிடிக்கலாம். சேதமான தூணிலேயே கோர், அதாவது துளையிட்டு எடுக்கும் உருளை மாதிரி, எடுக்க விடாதீர்கள். தேவையானால் கோர் எங்கே எடுப்பது என்பதை இன்ஜினியர் முடிவு செய்யட்டும். இருபது தூண்களையும் பார்க்கச் சொல்லுங்கள். தெரியும் இரண்டு மட்டும்தான் கெட்டவை என்று இப்போதே முடிவு செய்ய முடியாது.

சரிசெய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஒப்பந்தத்தில் இவை இருக்கின்றனவா என்று நீங்கள் பார்க்க வேண்டுமல்லவா? ஒரு நேரத்தில் ஒரு தூண் மட்டும். கம்பிக்குப் பின்னால் ஓர் அங்குலம் வரை கெட்ட கான்கிரீட்டை எடுப்பது, கம்பியை வெள்ளையாகும்வரை சுத்தம் செய்து துருத்தடுப்புப் பூச்சு கொடுப்பது, கரைந்த கம்பிக்கும் ரிங்குக்கும் ஈடாகப் புதியவை சேர்ப்பது, பிறகு பொடிக்கல் கலந்த மைக்ரோ கான்கிரீட்டாலோ, தூணைச் சுற்றிப் புதுக் கம்பியோடு வார்க்கும் கான்கிரீட் உறையான முழு ஜாக்கெட்டாலோ மூடுவது. பழைய கட்டடங்களை வலுப்படுத்தும் ஐ.எஸ். 15988 விதிப்படி ஜாக்கெட் குறைந்தது 100 மி.மீ. கனம் வேண்டும். ஜாக்கெட் கீழே அஸ்திவாரத்தில் பிடித்து, மேலே பீம் வரை இடைவெளியில்லாமல் எட்ட வேண்டும். முழங்கால் உயரத்தில் நின்றுபோன ஜாக்கெட் அலங்காரம்தான்.

முதல் மாடி ஓட்டையும் சுவரும்

"பிரேம் கட்டடத்தில் சுவர் சுமை தாங்காது, இடிக்கலாம்" என்று முதல் மாடிக்காரர் சொல்லியிருப்பார். வரைபடத்தில் அது சரி. ஆனால் இத்தனை ஆண்டுகளில் தொய்ந்த பீம் கீழேயுள்ள சுவரில் உட்கார்ந்திருக்கலாம். அந்தச் சுவரை எடுத்ததும் பீமில் புது விரிசல் வரும். சுவர் இருந்த இடத்துக்கு மேலேயுள்ள பீமின் அடியில் விரிசல் தெரிகிறதா, இரண்டாவது மாடியில் அதே கோட்டில் டைல்ஸ் தூக்கியிருக்கிறதா, கதவு இறுகுகிறதா என்று பாருங்கள்.

ஓட்டைதான் எனக்கு அதிகக் கவலை. 380 மி.மீ. ஆழமுள்ள பீமில் 150 மி.மீ. ஓட்டை சிறியதல்ல. தூணுக்கு அருகேதான் பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் வெட்டு விசை உச்சத்தில் இருக்கும், ரிங்குகளும் அங்கே நெருக்கமாக இருக்கும். ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சுவரில் காசு பதித்ததுபோல் வட்டமாக இரும்பு முனை தெரிந்தால் கம்பி அறுபட்டிருக்கிறது. எத்தனை, மேலா கீழா பக்கவாட்டிலா என்று அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். அந்தப் பீமின் கீழ் உடனே முட்டு வேண்டும். வெறும் சிமென்ட் வைத்து அடைத்தால் கம்பி திரும்ப வராது. உங்கள் துருப்பிடித்த தூணில் சேரும் பீம் இதுவே என்றால், சுமை மாறிப்போக இருந்த ஒரு பாதையும் வெட்டுப்பட்டுவிட்டது.

உரிமையும் பணமும்

தூண், பீம், தளம், அஸ்திவாரம், மொட்டை மாடி எல்லாம் பொதுச் சொத்து. தன் வீட்டுக்குள் தெரிகிறது என்பதால் பீம் முதல் மாடிக்காரருக்குச் சொந்தமாகாது. கட்டடத்தின் உறுதியைப் பாதிக்கும் வேலையை அவர் தன்னிச்சையாகச் செய்ய முடியாது. வேலையை நிறுத்தும்படி சங்கத்தின் லெட்டர்ஹெட்டில், புகைப்படத்தோடு, பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். கேட்காவிட்டால் மாநகராட்சியில் எழுத்துப்பூர்வ புகார், உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவு என்று போகலாம். பீமைச் சரிசெய்யும் செலவை அவரிடம் கேட்பதில் தவறே இல்லை. அதேநேரம் அவரை எதிரியாக்காமல் பேசிப் பாருங்கள். இன்ஜினியர் உள்ளே போய்ப் பார்க்க அவருடைய கதவு திறக்க வேண்டும்.

கீழேயுள்ள தூணுக்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும் என்று நான்காவது மாடிக்காரர்கள் கேட்டால், அந்த வாதம் கட்டடத்தின் முன் நிற்காது. அந்தத் தூணில் இறங்கும் 78 டன்னில் 17 டன் அவர்கள் மாடியுடையது, அதற்கு மேலுள்ள மொட்டை மாடி பொது. உங்கள் துணைவிதி வேறு மாதிரி சொல்லாவிட்டால் பிரிக்கப்படாத மனைப் பங்கின் விகிதத்தில் எல்லோரும் தர வேண்டும். கட்டியவரைப் பிடிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வீட்டுமனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின் 14-ஆம் பிரிவு கட்டமைப்புக் குறைகளுக்கு வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு பொறுப்பு வைக்கிறது. 1999 கட்டடத்துக்கு அது உதவாது.

இன்ஜினியர் பெயின்ட் கம்பெனியோ கான்ட்ராக்டரோ இலவசமாக அனுப்புபவராக இருக்கக்கூடாது. உங்களிடம் கட்டணம் வாங்கி உங்களுக்கு மட்டும் கையெழுத்திட்டு அறிக்கை தருபவராக இருக்க வேண்டும். முடிவில் சந்தேகம் இருந்தால் தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமான எஸ்.இ.ஆர்.சி., அண்ணா பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் இரண்டாம் கருத்து கேட்கலாம்.

குடியிருக்கலாமா?

முட்டு ஒழுங்காக ஏறி, சுமை குறைந்து, இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால் இருக்கலாம். அதற்கு முன் அந்த இரு தூண்களின் வரிசையில் உள்ள வீடுகளில், குறைந்தபட்சம் குழந்தைகளும் முதியவர்களும் உறவினர் வீட்டுக்குப் போவது நல்லது என்பது என் கருத்து. ஒவ்வொரு விரிசலின் குறுக்கேயும் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் ஒட்டி, தேதி எழுதி, காலையும் மாலையும் பாருங்கள். கண்ணாடி உடைந்தாலோ, தூணில் புதிதாகச் சாய்வு விரிசலோ நசுங்கிய பொடியோ தெரிந்தாலோ, கதவுகள் திடீரென்று இறுகினாலோ, கான்கிரீட் முறியும் சத்தம் கேட்டாலோ 16 வீடுகளும் உடனே வெளியேற வேண்டும்; 112-ஐ வெளியே வந்தபின் அழையுங்கள். யாரும் பொருள் எடுக்கவோ காரை எடுக்கவோ ஸ்டில்ட்டுக்குள் திரும்பக்கூடாது. 2013-இல் வங்கதேசத்தின் சவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்தது; முந்தைய நாளே விரிசல் தெரிந்து, கீழேயிருந்த வங்கி மூடப்பட்டது. மேலேயிருந்த ஆடைத் தொழிலாளர்கள் மறுநாள் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். இறந்தவர்கள் 1,100-க்கும் மேல்.

அறிக்கை வந்தபிறகு, பத்து பதினைந்து தூண்களுக்கு ஜாக்கெட் வேண்டும், கான்கிரீட்டில் உப்பு பரவலாக ஏறிவிட்டது என்றால் சரிசெய்வதைவிட இடித்துக் கட்டுவது மலிவாக இருக்கலாம். தமிழ்நாட்டின் 2022 அடுக்ககச் சட்டப்படி மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். உங்களுக்கு அது 16-இல் 11 வீடு. ஆனால் அந்தப் பேச்சு முடிய வருடக்கணக்காகலாம். இடித்துக் கட்டத்தான் போகிறோமே என்று முட்டுக்கான செலவை யாராவது தள்ளிப்போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த வாரப் பொதுக்குழுவில் முட்டுக்கும் சோதனைக்கும் மட்டும் தனித் தீர்மானம் போட்டுப் பணம் திரட்டுங்கள். மற்றதை அறிக்கை கையில் வந்தபின் பேசலாம்.